பள்ளத்தூரில் ஒரு பழைய வீடு: வாங்கி, செப்பனிட்டு, விற்ற கணக்கு

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் 24 லட்சத்துக்கு வாங்கிச் செப்பனிட்ட வீடு 39.5 லட்சத்துக்கு விலைபோய், கிரயமும் முடிந்துவிட்டதால், கணக்கு நோட்டைப் புரட்டி நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் கேட்டவர்கள் பதினைந்தரை லட்சம் லாபம் என்று வாழ்த்தினார்கள். கையில் நின்றது மூன்று லட்சத்துச் சொச்சம், அதுவும் வரிக்கு முன்பு. மீதி எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு.

செட்டிநாட்டில் வீடு தேடுகிறவன் கண் முதலில் பெரிய வீடுகளின் மேல்தான் விழும். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் முடியும் அந்த வீடுகளில் ஒன்றிரண்டை நானும் ஆசையோடு பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு இருந்தது. அதில் சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், ஓரிருவர் எங்கே இருக்கிறார்கள் என்று பங்காளிகளுக்கே தெரியாது. கையெழுத்து வாங்கி முடிக்க முடியாமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் தூணும் நிலையும் தனித்தனியாகப் பெயர்ந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் வீடுகள் அப்படிப்பட்டவை. எனவே அந்த எண்ணத்தை விட்டு, கணக்குப்பிள்ளைகளும் கடைக்காரர்களும் குடியிருந்த சின்ன வீடுகளைத் தேடினேன். கிடைத்தது நாலரை சென்ட் இடம், 1,150 சதுர அடிக் கட்டடம்: முன்னால் 20 அடிக்கு 16 அடி மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போடும் தளம்) போட்ட கூடம், நடுவில் சிறு வளவு, அதைச் சுற்றி நாட்டோடு வேய்ந்த தாழ்வாரமும் இரண்டு அறைகளும். 28 லட்சம் சொல்லி 24க்கு இறங்கினார்கள்.

பத்திரங்களில்தான் முதல் சிக்கல் வந்தது. மூலப்பத்திரம் காலஞ்சென்ற தந்தையின் பெயரில், 1968இல் எழுதப்பட்டது. வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் கிடைத்துவிட்டது; அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் மூன்று பேர் என்று தரகர் சொல்லியிருந்தார். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தால் நான்காவதாக ஒரு மகள் இருந்தார். "ஆச்சிக்கு அப்பவே சீர் செஞ்சு கொடுத்தாச்சு, அவங்க கையெழுத்து வேண்டியதில்லை" என்று தரகர் அடித்துச் சொன்னார். உயில் எழுதாமல் இறந்த தந்தை தாமே சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். சீர் செய்ததை அந்தச் சட்டம் பங்காகக் கணக்கில் கொள்வதில்லை. ஆச்சியையே நேரில் போய்ப் பார்த்தபோது, "நான் வரமாட்டேன்னு யார் சொன்னா தம்பி? கேட்டாத்தானே வருவேன்" என்றார்கள். பதிவன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தாம்.

நால்வரில் ஒருவர் மலேசியாவில் குடியேறியவர். அவர் தம் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய இத்தகைய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வைத்திருந்தது அங்கே உதவியது.

அதைவிடப் பெரிய விஷயம் வரிப்பிடித்தம். சொத்தின் விலை 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் வாங்குகிறவர் ஒரு விழுக்காடு வரி பிடிக்க வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். விற்கிறவர் வெளிநாட்டில் வாழ்பவரானால் அந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருடைய நான்கில் ஒரு பங்கான 6 லட்சத்துக்கு 12.5 விழுக்காடும் அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் சேர்த்து 78,000 ரூபாயை நான் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அதற்காகவே டான் எண் (வரி பிடித்துக் கட்டுகிறவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) எடுக்க வேண்டியிருந்தது. பிடிக்காமல் விட்டிருந்தால் வருமான வரித்துறை அந்தத் தொகையை வட்டியோடு என்னிடம்தான் கேட்டிருக்கும். மலேசியாக்காரர் இதை நான் விலையைக் குறைக்கச் செய்யும் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டார். அவர் இங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்து கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம் என்று பட்டயக் கணக்காளரைக் கொண்டே பேசவைத்த பிறகுதான் சமாதானமானார். வீட்டுக்கு வீடு கடல்கடந்த உறவு இருக்கும் இந்த வட்டாரத்தில் வீடு வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 2,16,000 ரூபாய். வழக்கறிஞர், பத்திர எழுத்தர், நகல்கள் என்று 38,000. தரகு 24,000. ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் வீடு 26,78,000 ஆகிவிட்டது.

வேலையைக் கூரையில் தொடங்கினோம். கூடத்தின் மேல்தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலம் நெருங்கியதால், தளத்தின் மேல் பதித்திருந்த தட்டையான ஓட்டின் (தட்டோடு) மேல் ரப்பர் போல் இழுபடும் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடிக்கச் செய்தேன், 21,000 ரூபாய். ஐப்பசி மழை இரண்டு முறை பலமாகப் பெய்ததும் பூச்சு அங்கங்கே அப்பளமாக உப்பியது, கீழே ஒழுக்கும் நிற்கவில்லை. தை பிறந்த பிறகு கொத்தனார் அண்ணன் வந்து தளத்தைப் பார்க்காமல் நேரே கைப்பிடிச் சுவரின் மூலைக்குப் போனார். அங்கே ஓர் அரசங்கன்று, முழ உயரம்கூட இல்லை. நான் அதை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தேன், மறுபடி துளிர்த்திருந்தது. சுவரை மூன்று வரிசை பிரித்ததும் பெருவிரல் தடிமனில் வேர் சாந்துக்குள் நுழைந்து, சுவரும் தளமும் சேரும் இடத்தில் பிளவுண்டாக்கித் தளத்துக்கு அடியில் ஐந்தடி தூரம் ஓடியிருந்தது. தண்ணீர் இறங்கிய வழி அதுதான். மேலே அடித்த பூச்சு செய்ததெல்லாம் உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே போகவிடாமல் அடைத்ததுதான். மூன்று தேக்குக் கட்டைகள் சுவரில் ஊன்றும் முனையில் மெத்துப்போயிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பழைய பர்மாத் தேக்குக் கட்டைகளையே காரைக்குடியில் தேடி வாங்கிப் போட்டோம், கூலியோடு 31,000.

தளத்தைப் பெயர்த்து மறுபடி போட்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. பொதுப்பணித்துறைக் கணக்கும் இதுதான், கொத்தனார் அண்ணன் கைக்கணக்கும் இதுதான். 320 சதுர அடிக்குச் சராசரி 4 அங்குலக் கனத்தில் ஏறத்தாழ 107 கன அடிக் கலவை பிடித்தது. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்துப் புளித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே சித்தாள்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்தார்கள். முதலில் கட்டை ஈரத்தில் பதிந்து 'சத், சத்' என்று ஒலிக்கும். தளம் இறுக இறுக ஒலி மாறி, கடைசியில் கட்டை தானாகத் துள்ளி எழும். அந்தப் பதம் வரும்வரை நிறுத்தக் கூடாது. மட்டக் குழாயை வைத்து 16 அடிக்கு 3 அங்குல வாட்டம் பார்த்தோம். அதன்மேல் தட்டோடு பதித்து, கைப்பிடிச் சுவரோரம் முழுவதும் வளைவாகச் சாந்து மூட்டிய பிறகு, நீர்ப்போக்கிகளை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதித்தோம். கீழே ஒரு சொட்டு ஈரமில்லை. சதுர அடிக்கு 260 வீதம் 83,200 ரூபாய். சிமெண்ட் தளத்துக்கு இதைவிடக் குறையும்தான், ஆனால் பழைய கட்டைகள் அதன் எடையைத் தாங்குமா என்று எனக்கு உறுதியில்லை.

பின்கட்டு ஓட்டுக் கூரையில் சிக்கல் ஏதுமில்லை. உளுத்த கைமரங்களையும் ரீப்பர்களையும் மாற்றி, நல்ல ஓடுகளைப் பொறுக்கி மறுபடி வேய்ந்து, குறைந்தவற்றுக்குப் பழைய ஓடு வாங்கிச் சேர்த்தோம்; 1,12,000.

சுவர்களில் ஓதம் (தரையீரம்) ஏறியிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய ஒன்றரை அடிச் சுவருக்கு முன்னிருந்தவர்கள் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த நாலடியும் காய்ந்து சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே ஓரடிப் பட்டை முழுவதும் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. "சிமெண்டைப் பூசி மூடினா தண்ணி எங்க போகும் தம்பி? மேலதான் ஏறும்" என்றார் கொத்தனார் அண்ணன். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, பங்குனி, சித்திரை வெயில் முழுவதும் சுவரை வெறுமனே ஆறவிட்டோம். அந்த நேரத்தில் எதையும் பூசாமல் காத்திருப்பது கையைக் கட்டிப்போட்டது போலத்தான் இருந்தது, ஏனென்றால் நகைக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் வைத்து 1,100 சதுர அடி பூசினோம், சதுர அடி 95 ரூபாய். கூடத்தில் 155 சதுர அடிக்கு மட்டும் செட்டிநாட்டு வெள்ளைப் பூச்சு: சலித்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மெல்லிய கைகளாக ஏற்றி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. அது சதுர அடி 190. இரண்டும் சேர்த்து 1,34,000 ஆயிற்று. வீடு பார்க்க வந்த அத்தனை பேரும் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்கள். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். பள்ளத்தூரிலிருந்து ஆத்தங்குடி தூரமில்லை என்பதால் பட்டறைக்கே போய்ச் சொல்லி அடிக்கச் செய்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத் தகரப் பிரிவுகளை இறக்கி, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு வண்ணக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிரிவை மேலே தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, கலக்காமல் நிற்கின்றன. அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்தை இட்டு அமுக்கி, மறுநாள் தொட்டியில் மூழ்கவிடுகிறார்கள். காய்ந்தபின் கண்ணாடி தானாக விலகும்போது வரும் மினுமினுப்புக்கு வேறு பாலிஷ் எதுவும் தேவையில்லை. எட்டங்குலக் கல் 220 சதுர அடிக்கு 495 வேண்டும். உடைசலுக்குச் சேர்த்து 520 வாங்கினேன். கல்லும் பதிப்புக் கூலியும் சேர்த்துச் சதுர அடி 120 வீதம் 26,400. பதித்த பிறகு சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் மேல் வண்ணமே போய்விடும். ஈரத்துணியால் அன்றன்றே துடைத்து, பின்னர் தவிடும் தேங்காயெண்ணெயும் வைத்துத் தேய்ப்பதே இந்தக் கல்லுக்குப் பொருந்தும்.

கரையான் மருந்தை நாங்களே அடித்தோம். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, 20 விழுக்காட்டுக் குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டருக்குப் 19 லிட்டர் தண்ணீர் கலந்து ஊற்றி, துளையை அடைத்தோம், 9,500. தரை போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது முக்கியம். வயரிங் முழுக்க மாற்ற 72,000, சமையல் மேடைக்கு 48,000, கதவு, நிலை, தூண்களைச் சுரண்டி எண்ணெய் பூச 36,000, வெள்ளையடிக்க 41,000, இடிபாடு அள்ள டிராக்டருக்கு 18,000, வரி பாக்கி, மின்கட்டணம், காவல் என 22,000. வாசல் நிலையை மட்டும் கேட்டு ஒரு பழம்பொருள் வியாபாரி இரண்டு முறை வந்தார். அவர் சொன்ன விலை வயரிங் செலவை அடைத்திருக்கும். கொடுக்கவில்லை, நிலை போன வீட்டை அடுத்து பார்க்க வருகிறவர் மனையாகத்தான் விலை பேசுவார்.

கழிவறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே, படுக்கையறையோடு ஒட்டி அமைத்தது 1,85,000 ரூபாய், கழிவுநீர்த் தொட்டி உட்பட. பழைய வீட்டின் அழகைக் கெடுக்கிறேன் என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். விற்பனைக்கு வழி செய்தது அந்த அறைதான். வயதான பெற்றோரை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் தூணைப் பார்ப்பதற்கு முன் கழிவறையைத் திறந்து பார்க்கிறார்கள்.

விற்பதற்கு நினைத்ததைவிட நாளாயிற்று. முதலில் 43 லட்சத்துக்கு இருவர் ஒப்புக்கொண்டார்கள், இருவருமே வங்கிக் கடன் வேண்டியவர்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, சுண்ணாம்புக் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டு, கட்டடத்துக்கு மிகக் குறைந்த மதிப்பே போட்டார். நான் செலவிட்ட எட்டு லட்சத்தில் பெரும்பகுதி அவருடைய தாளில் ஏறவே இல்லை. கடன் தொகை மனை விலைக்குமேல் போகாததால் இருவரும் விலகினார்கள். கடைசியில் கையில் பணத்தோடு வந்த, வெளியூரிலிருந்து சொந்த ஊர் திரும்பும் ஒரு குடும்பம் 39.5 லட்சத்துக்கு வாங்கியது. அவர்களும் தங்கள் பங்குக்கு 9 விழுக்காடு தீர்வை கட்ட வேண்டும் என்பதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்கள், அதில் தவறில்லை. தொகை முழுவதும் வங்கி வழியாகவே வந்தது. சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விழும்.

மொத்தச் செப்பனிடும் செலவு 8,39,100. நகைக்கடன் 8 லட்சத்துக்கு 14 மாத வட்டி 84,000. வாங்கிய செலவோடு கூட்டினால் 36,01,100. விற்ற விலையில் தரகு 39,500 போக வந்தது 39,10,500. மிச்சம் 3,09,400. இரண்டு ஆண்டு வைத்திருக்காமல் விற்றதால் இது குறுகிய கால ஆதாயம். என் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரி விழும். விற்பதற்காகவே வாங்கியது என்றால் வியாபார வருமானமாகவும் கொள்ளலாம் என்றார் கணக்காளர். எப்படியும் கையில் நிற்கப்போவது இரண்டரை லட்சத்துக்குக் கீழே. கடன் போக நான் போட்ட 28 லட்சத்தை அதே 14 மாதம் 7 விழுக்காட்டு வைப்பில் போட்டிருந்தால் ஏறத்தாழ 2.28 லட்சம் வட்டியாக வந்திருக்கும்.

கணக்கை இப்படி விரித்துப் பார்த்தால், வேலைக்கூலியையும் சாமானையும் இறுக்கிப் பிடித்து ஒரு லட்சம் மிச்சப்படுத்தியிருக்கலாம், அவ்வளவுதான். கனமான தொகைகள் போன இடம் வாங்கிய விலையும், தீர்வையும், விற்காமல் கிடந்த மாதங்களும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளப் போவதும் அந்த இடங்களில்தான். விலை பேசுவதற்கு முன்பே வாரிசுச் சான்றைக் கேட்பேன். ஒரு வங்கி மதிப்பீட்டாளருக்குக் கூலி கொடுத்து, செப்பனிட்ட பிறகு இந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முதலிலேயே எழுதி வாங்குவேன். கைப்பிடிச் சுவர் மூலைகளை ஏணி வைத்து ஏறி நானே பார்ப்பேன். தை மாதம் சாவி கைக்கு வரும்படி கிரயத் தேதியை வைத்துக்கொண்டால், சுவர் ஆறுவதும் தளம் போடுவதும் ஒரே கோடையில் அடங்கும். வெள்ளைப் பூச்சு, குடியிருக்கப் போகிறவர் கேட்டால் மட்டும்.

இப்போது புதுவயலில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரே உரிமையாளர், உள்ளூர்க்காரர், கான்கிரீட் கூரை, பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. செப்பனிட்டால் 30 லட்சத்துக்கு விற்கும் என்று வைத்துக்கொண்டு பின்னிருந்து கழித்தேன்: தரகு 30,000, வேலை 5 லட்சம், வட்டி 1 லட்சம், எனக்கு 3 லட்சம், பத்திரச் செலவு 30,000. மீதி 20.4 லட்சத்தில் தீர்வையும் வாங்கும் தரகும் சேர்ந்த 10 விழுக்காடும் அடங்க வேண்டுமானால் விலை 18.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அவர் சொல்வது 21. தரகரிடம் 18.5 என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பித்தாயிற்று.